பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒயரிங்: பவர் பேக் வாங்குவதற்கு முன் மீட்டரை எடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் உங்கள் அவுட்போர்டு எஞ்சின் 1980களின் நடுவில் வந்த 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். சாவியைத் திருப்பினால் ஒருநாள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்னொரு நாள் அதுவும் இல்லை. ஸ்டார்ட் ஆகிவிட்டால் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அலை தூக்கிப் போடும்போது, யாரோ சாவியை அணைத்த மாதிரி பட்டென்று நின்றுவிடுகிறது. டேகோமீட்டர் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் அசைவதே இல்லை. முன்பு வைத்திருந்தவர் பல இடங்களில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். மெக்கானிக் பவர் பேக்கை, அதாவது ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை, மாற்றச் சொல்கிறார். உங்களுக்கோ மொத்த ஒயரிங்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பவர் பேக் விலை கூடிய பொருள், வாங்கி மாட்டியபின் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். மொத்த ஒயரிங்கையும் ஒரே நாளில் பிடுங்கினால், பழைய கோளாறு மூன்றோடு நீங்கள் புதிதாகச் செய்த தப்பு இரண்டும் சேர்ந்துகொள்ளும், எது எது என்று பிரிக்கவே முடியாது. நாற்பது வயது எஞ்சினில் பாகம் கெட்டுப்போவதைவிட, பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு கெட்டுப்போவதுதான் அதிகம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உங்கள் எஞ்சினில் மின்சாரம் இரண்டு தனித்தனிக் குடும்பமாக இருக்கிறது. ஒன்று பேட்டரி பக்கம்: ஸ்டார்ட்டர், சார்ஜிங், மீட்டர்கள், ஹார்ன். இன்னொன்று இக்னிஷன் பக்கம், அதாவது ஸ்பார்க் உண்டாக்கும் பக்கம். ஃபிளைவீலுக்குள் இருக்கும் காந்தம் சுற்றும்போது, அதன் அடியில் இருக்கும் சார்ஜ் காயில் தானாகவே மின்சாரம் உண்டாக்கி பவர் பேக்குக்குக் கொடுக்கிறது. ஸ்பார்க் வருவதற்குப் பேட்டரி தேவையே இல்லை. அதனால்தான் பேட்டரி செத்துப்போனாலும் கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய முடிகிறது. (1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த சில பெரிய எஞ்சின்களில் இக்னிஷனே பேட்டரியில்தான் ஓடும். உங்களுடையது அந்த வகை இல்லை.)

இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே உறவு கில் ஒயர். சாவியை அணைத்தால் அந்த ஒயர் எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த எஞ்சின் உடம்போடு சேர்கிறது, பவர் பேக் வாயடைத்துப் போகிறது, எஞ்சின் நிற்கிறது. காரில் சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கும். இங்கே அப்படியே தலைகீழ், அணைப்பதற்கு ஒயர் சேர வேண்டும். இது புரியாமல் கார் சாவி சுவிட்சை வாங்கி மாட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கில் ஒயரில் 12 வோல்ட்டை ஏற்றிவிடும், பவர் பேக் அந்த நொடியே போய்விடும். பேட்டரியில் மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் கில் ஒயரைத் தொட்டுப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் கில் ஒயர் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு. யமஹாவில் வெள்ளை. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றில் வேலை செய்யாதீர்கள். எஞ்சினைப் படகில் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் மாடல் எண் தட்டு இருக்கும், அதற்கான ஒயரிங் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் சில விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். சோதனை செய்யும்போது பொறி பறக்கும் என்பதால் தொட்டியைத் தூரமாக வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றப்போகிறீர்கள் என்றால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றினால் அந்தரத்தில் தொங்கவிடாமல் எர்த்தில் சேருங்கள், இல்லாவிட்டால் பவர் பேக்குக்கும், பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் இக்னிஷன் காயிலுக்கும் ஆகாது. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட விடாதீர்கள், பம்பின் ரப்பர் இறக்கை சில நொடியிலேயே கருகத் தொடங்கும்.

சரி, முதல் கோளாறு. சாவி திருப்பினால் 'டக்' அல்லது மௌனம்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் சும்மா இருக்கும்போது பார்ப்பது போதாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் அதை முழுக்கச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பினால்தான் சுவாரசியமே. நிறையப் பேர் இங்கே மீட்டரை ஓம் பக்கம் திருப்பி, ஒயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்து, 'பீப்' சத்தம் கேட்டதும் "ஒயர் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுகிறார்கள். உள்ளே நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் சொல்லும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும், அங்கே மட்டும் 1.5 வோல்ட் காணாமல் போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே முடியாது. அதனால் ஓம் பார்க்காதீர்கள், சுமை ஏறும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள்.

செய்முறை எளிது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், அதன்மேல் இருக்கும் கிளாம்ப்பில் அல்ல. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டரில் தெரிவது அந்த எர்த் பாதையில் தொலைந்த வோல்ட். 0.5க்கு உள்ளே இருக்க வேண்டும். 1.8 காட்டினால் எதிரி அகப்பட்டுவிட்டான், மீட்டர் முனையைக் கிளாம்ப், கேபிள் லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காது), எஞ்சின் போல்ட் என்று ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தால் எந்த இணைப்பு என்று தெரிந்துவிடும். இதேபோல் பாசிட்டிவ் பக்கமும், பேட்டரி கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் முனைவரை பாருங்கள். மீட்டரே இல்லாவிட்டால்கூட ஒரு வழி உண்டு. அஞ்சாறு நொடி ஸ்டார்ட்டர் சுற்றியபின் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், கெட்டது சூடாக இருக்கும்.

'டக்' என்று மட்டும் கேட்கிற நாளில் சொலினாய்டின் (சாவி திருப்பியதும் ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துவிடும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். சாவி திருப்பாதபோது 12 சொச்சம் காட்டும், திருப்பினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் நின்றால் உள்ளே இருக்கும் செம்புத் தட்டு கருகிவிட்டது, சொலினாய்டு மாற்றத்தான் வேண்டும். அதன் விலை அதிகமில்லை.

ஒரு சத்தமும் வராத நாளில் குற்றவாளி வேறு. சாவியிலிருந்து சொலினாய்டின் சின்ன முனைக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் வந்து சேரவில்லை. அந்த வழியில் 20 ஆம்பியர் ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது), எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பெரிய பிளக் என்று நாலு இடம் இருக்கிறது. சொலினாய்டின் பேட்டரி பக்கப் பெரிய போல்ட்டிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒரு துண்டு ஒயரால், சாவியிலிருந்து ஒயர் வந்து சேரும் அந்தச் சின்ன முனையைத் தொடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் அங்கிருந்து அப்பால் எல்லாம் நலம், கோளாறு அந்த நாலு இடத்தில்தான். இப்படிச் செய்யும்போது நியூட்ரல் சுவிட்ச் வேலை செய்யாது, எஞ்சின் கியரில் இருந்தாலும் சுற்றும். புரொப்பெல்லரைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான்.

நாலில் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல் சுவிட்ச். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டு கியர் லீவரை நியூட்ரலைச் சுற்றிக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். திடீரென்று பிடித்துக்கொண்டால் சுவிட்சின் இருப்பிடம் தள்ளிப்போயிருக்கிறது, சரிசெய்துவிடலாம். அடுத்தது அந்தப் பெரிய பிளக். அதைப் பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ரப்பர் உடம்பைப் பிடித்து மெதுவாக அசைத்துக் கழற்றுங்கள். உள்ளே பாருங்கள். நல்ல முள் மஞ்சள் கலந்த வெள்ளியாக மினுங்கும். கெட்டது பச்சையாகக் களிம்பு பூத்து, மேலே மாவு தூவிய மாதிரி இருக்கும். சின்னப் பிரஷ்ஷும் கான்டாக்ட் கிளீனரும் வைத்துத் தேய்த்துவிட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். நான் பார்த்த 'சில நேரம் வரும், சில நேரம் வராது' கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிளக்கில் முடிந்தன.

இரண்டாவது கோளாறு, அலையில் நின்றுபோவது. எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் இது ஆளை நடுத்தண்ணீரில் நிறுத்தும்.

எப்படி நிற்கிறது என்பதே பாதி விடை. பெட்ரோல் கோளாறு என்றால் எஞ்சின் இருமும், தடுமாறும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஒரு இக்னிஷன் காயிலோ ஒரு ஸ்பார்க் பிளக்கோ போனால் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு, பலம் பாதியாகிக் குலுங்கிக்கொண்டு ஓடும். இரண்டு சிலிண்டரும் ஒரே நொடியில், அதுவும் அதிர்ச்சி கொடுக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், முதல் சந்தேகம் கில் ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்கத் தண்ணீருக்குப் போக வேண்டாம். சிலர் கில் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அப்படி ஓட்டினால் சாவியும் வேலை செய்யாது, இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிறும் வேலை செய்யாது, நீங்கள் தவறி விழுந்தால் படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கரையிலேயே செய்யுங்கள். கில் ஒயரைப் பவர் பேக் பக்கம் கழற்றுங்கள். சாவியை 'ஆன்'இல் வையுங்கள், பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பை மாட்டுங்கள். மீட்டரை ஓமில் வைத்து, ஹார்னஸ் (எல்லா ஒயரும் சேர்ந்த கட்டு) பக்கம் போகும் கில் ஒயருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இப்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை திருப்புங்கள். எஞ்சினைச் சாய்க்கும் டில்ட்டை ஏற்றி இறக்குங்கள். கியரையும் த்ராட்டிலையும் முழுக்க நகர்த்துங்கள். சாவி சுவிட்சின் பின்பக்கம் தட்டுங்கள். ஹார்னஸை ஒரு ஜாண் ஒரு ஜாணாகப் பிடித்து வளையுங்கள். மீட்டர் எப்போது பீப் சொல்கிறதோ அங்கேதான் வலி.

நான் இதைக் கற்றுக்கொண்டது காசு கொடுத்து. பல வருடத்துக்கு முன் இதே மாதிரி நின்றுபோன ஒரு எஞ்சினுக்குப் பவர் பேக் மாற்றினேன், அப்புறம் காயில் மாற்றினேன். இரண்டு முறையும் கரையில் அருமையாக ஓடியது, தண்ணீரில் நின்றது. கடைசியில் மேல்மூடியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினின் அடிமூடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஹார்னஸ் உள்ளே வரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. அலுமினிய விளிம்பு ஒரே ஒரு ஒயரின் தோலை உரித்திருந்தது, உள்ளே அரிசி நீளத்துக்குச் செம்பு பளபளத்தது. ஸ்டியரிங் இடதுபக்கம் முழுக்கத் திரும்பி, அதே நேரம் ஒரு குலுக்கலும் வந்தால்தான் அது தொடும். கரையில் யார் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எஞ்சினைக் குலுக்கப்போகிறார்கள்?

கில் ஒயர் சுத்தம் என்று தெரிந்தபிறகுதான் பவர் பேக் பக்கம் பார்வை போக வேண்டும். அங்கேயும் முதலில் எர்த். பவர் பேக்கையும் இக்னிஷன் காயிலையும் பிளாக்கில் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, அடியில் இருக்கும் உப்பையும் துருவையும் தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள். அடுத்தது சார்ஜ் காயில். உங்கள் காலத்து எஞ்சின்களில் பலவற்றில் இது சில நூறு ஓம் காட்டும், சரியான எண் உங்கள் மாடல் கையேட்டில் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சூடாகி நின்ற கையோடு ஒருமுறை அளந்து பாருங்கள். சூட்டில் மட்டும் அறுந்துபோகும் காயில்கள் உண்டு. ஜான்சன் வகையில் சார்ஜ் காயில் ஒயர் எதுவும் எர்த்தோடு சேரக் கூடாது. ஃபிளைவீலுக்கு அடியிலிருந்து எஞ்சினின் மேல் கறுப்பாகப் பாகு மாதிரி வழிந்திருந்தால் ஸ்டேட்டரின் (காயில்கள் பதித்த வளையம்) உள்பூச்சு சூட்டில் உருகியிருக்கிறது, அது தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். பவர் பேக் தரும் வோல்ட்டைச் சாதாரண மீட்டரால் அளக்க முடியாது, அது நொடியின் சிறு பின்னத்தில் வந்து போகும் துடிப்பு. உச்ச வோல்ட்டைப் பிடித்துக் காட்டும் டிவிஏ அடாப்டர் வேண்டும். உங்கள் மெக்கானிக் அதை வைத்து அளந்துவிட்டுப் பவர் பேக் கெட்டது என்று சொன்னாரா, இல்லை அனுபவத்தில் சொன்னாரா என்று கேளுங்கள்.

டேகோமீட்டர் செத்ததுக்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது. அது இக்னிஷனிலிருந்து கணக்கு எடுப்பதில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் காயிலில் (இது பவர் பேக்குக்குக் கொடுக்கும் சார்ஜ் காயில் அல்ல) வரும் துடிப்புகளை எண்ணித்தான் ஆர்பிஎம் காட்டுகிறது, ஜான்சன் வகையில் சாம்பல் நிற ஒயர் அதைக் கொண்டுபோகிறது. அதனால் டேகோமீட்டர் நின்றுவிட்டால் முதலில் ரெக்டிஃபயரை (அந்தக் காயிலின் ஏசியைப் பேட்டரிக்கான டிசியாக மாற்றுவது) சந்தேகிக்க வேண்டும், மீட்டரை அல்ல. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். வேகம் கூட்டினாலும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை. உங்கள் பேட்டரி இறங்கிப்போயிருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அப்படியானால் முதல் கோளாறும் மூன்றாவது கோளாறும் ஒரே இடத்தில் பிறந்தவை.

ரெக்டிஃபயரைச் சோதிக்கப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெக்டிஃபயரின் ஒயர்களைப் பிரியுங்கள். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, காயிலிலிருந்து வரும் இரண்டு ஒயர் (ஜான்சனில் மஞ்சள் வகை) ஒவ்வொன்றையும் சிவப்போடும், அப்புறம் ரெக்டிஃபயரின் உலோக அடியோடும் பாருங்கள். ஒரு திசையில் போக வேண்டும், முனையை மாற்றினால் தடுக்க வேண்டும். இரண்டு திசையிலும் போனாலோ இரண்டிலும் தடுத்தாலோ அது போய்விட்டது. புதிது மாட்டியபின் இரண்டு தப்பைச் செய்யாதீர்கள். பேட்டரியை மாற்றி மாட்டினால், அதாவது சிவப்பைக் கறுப்பில் மாட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் எரியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றினாலும் எரியும். பேட்டரி கம்பத்தில் கையால் திருகும் காது நட் போட்டிருந்தால் இந்த இரண்டாவது தப்பை அதிர்வே உங்களுக்குப் பதிலாகச் செய்துவிடும். ஸ்பேனரால் இறுக்கும் நட்டும் லாக் வாஷரும் போடுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து எஞ்சின் பலவற்றில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கிடையாது, நீண்ட தூரம் வேகமாக ஓடினால் 15 வோல்ட்டைத் தாண்டும். அதனால் தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிதான் இதற்குப் பொருத்தம், தண்ணீர் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். டேப்பை உரித்துவிட்டு, ஒயரின் தோலை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு செம்பாக இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் இன்னும் ஒரு அங்குலம் சீவுங்கள். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவில் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி உள்ளே ஏறிக்கொண்டே போகும். ஒரு சாண் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த ஒரு ஒயரை மட்டும் முழுக்க மாற்றுங்கள், அதே நிறத்தில், அதே தடிமனில். வெள்ளீயம் பூசிய பல இழை மெரைன் ஒயர்தான் வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் உடைந்துவிடும். இணைப்புக்கு நல்ல கிரிம்ப் (கருவியால் நசுக்கி இறுக்கும் உலோக இணைப்பு), மேலே உள்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி மூடும் குழாய்). வெறும் சால்டர் மட்டும் வைத்தால் ஒயர் விறைத்துப்போய், சால்டர் முடிகிற இடத்தில் முறியும். ஹார்னஸ் அந்தரத்தில் ஆடாமல் சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் கிளிப் போட்டுப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஒயர், மாற்றியதும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று செய்துவிடுங்கள். உங்கள் எஞ்சின் ஜான்சன் வகை என்றால் சிலிண்டர் தலையில் ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து வெளிர் பழுப்பு நிற ஒயர் ஒன்று வரும். எஞ்சின் கொதித்தால் இது எர்த்தோடு சேர்ந்து ஹார்னைக் கத்த வைக்கும். சாவியை 'ஆன்'இல் வைத்து, சுவிட்ச் பக்கம் அந்த ஒயரைக் கழற்றி, ஹார்னஸ் பக்க முனையைப் பிளாக்கில் தொடுங்கள். ஹார்ன் கத்த வேண்டும். முறுக்கு இணைப்பு போட்ட எஞ்சின்களில் இந்த ஒயர் அறுந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தம் வராவிட்டால், மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.